செம்மணல் தேரியில் தொல்லியல் கள ஆய்வு: தேடுவதிலிருந்து வரைபடம் போடுவது வரை

திருச்செந்தூரிலிருந்து காயாமொழிப் பக்கம் மேற்கே போனால், வாழையும் தென்னையும் நின்ற நிலம் முடிந்து, ரத்தச் சிவப்பில் மணல் மேடுமேடாக எழும்பத் தொடங்கும். அதுதான் தேரி. குதிரைமொழி, மெஞ்ஞானபுரம், நாசரேத், சாத்தான்குளம், சாயர்புரம் என்று அங்கங்கே கிடக்கும் இந்தச் செம்மணல், தெற்கே திசையன்விளை தாண்டி இடையன்குடி, குட்டம் வரை போகிறது. 1986இல் மாவட்டம் பிரிந்தபோது இதில் பெரும்பகுதி தூத்துக்குடிக்குப் போனது. ஆனாலும் எல்லாம் பழைய திருநெல்வேலிச் சீமைதான்.

மழைக்கணக்குப்படி தேரி பாலைவனம் ஆகாது. வடகிழக்குப் பருவமழை பெய்தால் தருவைகள் எனப்படும் ஆழமில்லாத ஏரிகளில் தண்ணீர் நிற்கும், பனையும் முந்திரியும் உடைமரமும் செழிக்கும். ஆனால் தார் பாலைவனத்தில் கள ஆய்வு செய்பவர் படும் பாடு எல்லாம் இங்கேயும் உண்டு. மணல் நகரும். அடையாளம் வைத்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. வெயில் ஆளைச் சாய்க்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, வெவ்வேறு காலத்துப் பொருள்களைக் காற்று ஒரே தரையில் கொண்டுவந்து போட்டுவிடும்.

இந்தத் தேரிகளில் நுண்கற்கருவிகள், அதாவது கற்கால மனிதர் செதுக்கிய சின்னச் சின்னக் கல் கருவிகள், கிடைக்கும் செய்தி புதிதல்ல. 1863இல் பல்லாவரத்தில் கைக்கோடரியைக் கண்டெடுத்த நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் தேரிக் கருவிகளையும் பதிந்திருக்கிறார். 1956இல் தொல்லியலாளர்கள் எஃப். இ. சாய்னரும் பிரிட்ஜெட் ஆல்ச்சினும் திருநெல்வேலி மாவட்டத்தின் நுண்கற்கருவி இடங்களைப் பற்றி விரிவாக எழுதினார்கள். பளிங்குக் கல்லிலும் (குவார்ட்ஸ்), செர்ட் என்ற வழுவழுப்பான கெட்டிக் கல்லிலும் செய்த பிறைவடிவக் கருவிகள், சுரண்டிகள், அழுத்திச் செதுக்கிய கூர்முனைகள் ஆகியவற்றை அவர்கள் இலங்கையின் பண்டாரவளைக் கருவிகளோடு ஒப்பிட்டார்கள். அதற்கப்புறம் நம் கவனமெல்லாம் ஆதிச்சநல்லூர்த் தாழிக்கும், கொற்கைக்கும், சிவகளை நெல்லுக்கும் இரும்புக்கும் போய்விட்டது. அது நியாயம்தான். ஆனால் அவற்றுக்கெல்லாம் முந்திய மனிதர்கள் உட்கார்ந்து கல் செதுக்கிய இடங்கள் தேரியில் திறந்தபடி கிடக்கின்றன, ஆண்டுதோறும் அழிகின்றன. அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு பள்ளிக்கூட அலமாரியில் பிஸ்கட் டப்பா நிறைய அருமையான பிறைவடிவக் கருவிகளைப் பார்த்திருக்கிறேன். யாரோ ஆர்வமாகப் பொறுக்கிச் சேர்த்தவை. டப்பாவின் மேல் 'தேரி' என்று மட்டும் எழுதியிருந்தது. எந்தத் தேரி, எந்தப் பள்ளம், எதன் பக்கத்தில் எது கிடந்தது, ஒன்றும் இல்லை. அந்தக் கற்களை வைத்து இனி யாரும் எதையும் சொல்ல முடியாது. ஆகவே இந்த வழிகாட்டியில் கல்லைப் பொறுக்கச் சொல்லப் போவதில்லை. கல் கிடக்கும் இடத்தைப் பதியத்தான் சொல்லித்தரப் போகிறேன்.

கண்ணைப் பழக்குங்கள்

முதலில் ஒன்றை மனதில் வையுங்கள்: தேரி மணலில் இயற்கையாகக் கல் கிடையாது. காற்று மணலைத் தூக்கி வரும், கல்லைத் தூக்கி வராது. எனவே தேரி மேட்டில் விரல்நுனி அளவு கல் கிடந்தாலும், யாரோ அதைச் சுமந்து வந்திருக்கிறார்கள். எல்லா நிலத்திலும் இவ்வளவு தெளிவான விதி கிடைக்காது.

சுமந்து வந்தவர் நேற்றைய லாரிக்காரராகவும் இருக்கலாம். சாலை ஜல்லி, திருச்செந்தூர் ரயில்பாதை ஜல்லி, கட்டட வேலையின் கருங்கல் சில்லு எல்லாம் தேரி ஓரங்களில் கிடக்கும். மணலுக்கு அடியிலிருந்து வெளிப்படும் சுக்கான்கல் உருண்டைகள் இயற்கையானவை. சுண்ணாம்பு போல வெளுத்து, சொரசொரப்பாக இருக்கும், அவற்றை விட்டுவிடுங்கள். உடைந்த பாட்டில் கண்ணாடியும் தூரத்திலிருந்து பளிங்குச் சில்லு போலவே தெரியும்.

செதுக்கிய கல்லில் அடி விழுந்த இடத்தில் சின்னத் தட்டையான முகம் இருக்கும். அதற்குக் கீழே மெல்லிய புடைப்பு, அதிலிருந்து குளத்தில் கல்லெறிந்த மாதிரி வளையங்கள். செர்ட்டில் இது நன்றாகத் தெரியும். பளிங்குக் கல் ஒழுங்கில்லாமல் உடைவதால் அதில் கண்டுபிடிப்பது கஷ்டம், பழக நாள் ஆகும். முழுமையான கருவியை மட்டும் தேடாதீர்கள். செதுக்கும்போது தெறித்த சில்லுகளும், சில்லெடுத்த பிறகு எஞ்சிய மூலக்கல்லும் ஒரே இடத்தில் கிடந்தால், அங்கே உட்கார்ந்துதான் வேலை பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஒற்றைப் பிறைக்கருவியைவிட ஒரு கைப்பிடிக் கழிவுச் சில்லு எனக்கு அதிகச் சேதி சொல்லும்.

கடல் சிப்பி, சங்குத் துண்டு, பானை ஓடு ஆகியவற்றுக்கும் இதே கண் வேண்டும். அவையும் தேரி மேட்டுக்குத் தானாக வந்திருக்க முடியாது.

வீட்டில் உட்கார்ந்து செய்யும் வேலை

களத்துக்கு ஒரு நாள் என்றால் மேசைக்கு மூன்று நாள் ஒதுக்குங்கள். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடங்களில், பழைய எண்முறைப்படி 58 எச், 58 எல் வரிசைத் தாள்கள் நம் பகுதிக்கு உரியவை. அப்புறம் கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுப் படங்களை ஒவ்வொன்றாக ஓட்டிப் பாருங்கள். எந்த மேடு நகர்ந்திருக்கிறது, எந்தப் பள்ளம் அப்படியே இருக்கிறது, எங்கே புதிதாகத் தோட்டம் போட்டிருக்கிறார்கள் என்பதெல்லாம் தெரிந்துவிடும். இஸ்ரோவின் புவன் என்ற வரைபட இணையதளமும் உதவும்.

படத்தில் தேட வேண்டியவை மூன்று. தளர்ந்த மணல் விலகி, இறுகிய செம்மண் தரை வெளியே தெரியும் இடங்கள். மழைத்தண்ணீர் அரித்த ஓடைகள். தருவை ஓரங்கள். இறுகிய தரை பழையது. அதன் மேல் அலையும் தளர்ந்த மணல் புதியது. தளர்ந்த மணல் மூடிய இடத்தில் நாள் முழுக்க நடந்தாலும் ஒன்றும் கண்ணில் படாது.

கிராம வரைபடத்தையும், புலப்படம் எனப்படும் எஃப்.எம்.பி.யையும் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். நிலம் யாருடையது என்பதற்கு மட்டுமல்ல, சர்வே கல் எங்கே இருக்கிறது என்பதற்கும் அவை வேண்டும். அந்தக் கல்லின் அருமை பின்னால் தெரியும்.

78 பாகைக் கோடு

தேரிக்கென்று ஒரு தனிக் கண்ணி இருக்கிறது. இதைச் சொல்லாமல் விட்ட வழிகாட்டியை நம்பிப் போனால் மொத்த வேலையும் பாழாகும்.

இடத்தை மீட்டர் கணக்கில் குறிக்கும் யு.டி.எம். என்ற வரைபட முறையில் உலகத்தை 6 பாகை அகல மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். 43ஆவது மண்டலம் கிழக்கு 78 பாகையில் முடிகிறது, 44ஆவது அங்கே தொடங்குகிறது. அந்தக் கோடு சரியாக நம் தேரி நாட்டின் ஊடே போகிறது. நாசரேத்தும் சாத்தான்குளமும் கோட்டுக்கு மேற்கே, திருச்செந்தூரும் காயல்பட்டினமும் கிழக்கே. கோட்டின் மேல் நிற்கும் ஒரே பனைமரத்துக்கு 43ஆவது மண்டலத்தில் கிழக்குத்தொலைவு சுமார் 8,30,000 மீட்டர் என்று வரும். 44ஆவதில் சுமார் 1,70,000 என்று வரும். கைபேசிச் செயலி நம்மிடம் கேட்காமலே மண்டலத்தை மாற்றிக்கொள்ளும்.

என் முதல் பெரிய நடையில் இப்படித்தான் ஆனது. காலையில் எடுத்த புள்ளிகள் ஒரு மண்டலத்தில், மதியம் எடுத்தவை இன்னொன்றில். மண்டல எண்ணைக் குறிப்பேட்டில் எழுதவில்லை. பெரும்பாலானதைச் சரிசெய்தேன், ஆனால் வடக்குத்தொலைவை மட்டும் குறித்துவைத்திருந்த சில புள்ளிகளைக் கைவிட வேண்டியதாயிற்று.

தீர்வு எளிது. களத்தில் எல்லோரும் பாகையை தசம வடிவில், ஜி.பி.எஸ். பயன்படுத்தும் டபிள்யூ.ஜி.எஸ். 84 அளவில், ஐந்து தசம இடம் வரை எழுதுங்கள். ஐந்தாவது இடத்தில் ஒன்று மாறினால் தரையில் சுமார் ஒரு மீட்டர். வீட்டுக்கு வந்து கணினியில் ஒரே மண்டலத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். எது என்று முதல் நாளே முடிவுசெய்து, குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதிவையுங்கள்.

அனுமதி

குதிரைமொழித் தேரியின் பெரும்பரப்பு காப்புக்காடு. வனத்துறையின் எழுத்துவழி அனுமதி இல்லாமல் உள்ளே போகாதீர்கள். பட்டா நிலம் என்றால் உரிமையாளரிடமும், முந்திரி குத்தகைக்கு விட்டிருந்தால் குத்தகைக்காரரிடமும் கேட்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. மணல் திருட வந்தவர்களோ என்று ஊரில் சந்தேகம் வரும், அந்தச் சந்தேகத்துக்குக் காரணமும் உண்டு.

தோண்டுவது முழுக்கத் தடை. 1958ஆம் ஆண்டு மத்தியச் சட்டமும் 1966ஆம் ஆண்டு தமிழ்நாட்டுச் சட்டமும் இதற்கு இருக்கின்றன; அகழாய்வுக்கு முறையான உரிமம் வேண்டும். புதைபொருள் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878இலிருந்தே சட்டம்.

சட்டத்தை விடுங்கள், தோண்டாததற்கு அறிவியல் காரணமும் உண்டு. மணல் எப்போது கடைசியாக வெளிச்சம் பார்த்தது என்பதை வைத்துக் காலம் கணிக்கும் முறை இருக்கிறது. ராஜஸ்தானின் டிட்வானா அருகே 16 ஆர் என்று பெயரிட்ட மணல்மேட்டில் 18 மீட்டருக்கு மேல் வெட்டி, அடுக்கடுக்காகப் பழைய கற்காலக் கருவிகளை எடுத்தார்கள். ஒவ்வோர் அடுக்கும் குலையாமல் இருந்ததால்தான் அந்த வரிசை கிடைத்தது. நாம் ஆசைக்கு ஒரு குழி தோண்டினால், நாளை இங்கே வரப்போகும் ஆய்வாளருக்கு அந்த இடம் செத்துப்போகும்.

எப்போது போவது, என்ன கொண்டுபோவது

தை, மாசி மாதங்கள்தான் நல்ல காலம். மழை மணலை இறுக்கிக் கற்களைக் கழுவி வைத்திருக்கும். விடிந்ததும் தொடங்கிப் பத்து மணிக்குள் நடையை முடியுங்கள். சாய்ந்த வெளிச்சத்தில் சின்னச் சில்லுக்கும் நிழல் விழும், கண் தானாகப் பிடிக்கும். பங்குனி, சித்திரை வேண்டாம். ஆடிக்காற்றில் கண்ணைத் திறக்கவே முடியாது. ஆனால் அந்தக் காற்று ஓய்ந்த பிறகு ஒரு தடவை போய்ப் பார்ப்பது அவசியம், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஆளுக்கு நான்கு லிட்டர் தண்ணீர், கணுக்கால் மூடிய காலணி, தொப்பி. உடைமுள் ரப்பர் செருப்பைத் துளைத்து உள்ளே ஏறும். சுருட்டைவிரியன் மணல் நிறத்திலேயே கிடக்கும், எனவே புதருக்குள் கை விடாதீர்கள். பாம்பு கடித்தால் கீறாமல், கட்டாமல், கையையோ காலையோ அசைக்காமல் வைத்து 108ஐ அழையுங்கள், அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

அளக்கும் கருவிகளைக் கொத்தனாரிடமே வாங்கலாம்: 30 மீட்டர் நாடா இரண்டு, தூக்குக்குண்டு, ரசமட்டம், தண்ணீர் மட்டம் பார்க்கும் டியூப், நைலான் கயிறு. கூடவே திசைகாட்டி, வரைபடத்தாள், பென்சில், தடித்த அட்டை, சின்னக் குடை. அடையாளக் கொடிக்குத் தென்னை ஈர்க்கில் நீலத் துணியோ காகிதமோ ஒட்டிக்கொள்ளுங்கள். சிவப்புக் கொடி செம்மணலில் காணாமல் போகும்.

முதலில் ஊர்க்காரர்களிடம் கேளுங்கள்

தேரியை நம்மைவிட நூறு மடங்கு அறிந்தவர்கள் ஆடு மேய்ப்பவர்களும் பனையேறிகளும். 'நுண்கற்கருவி' என்று கேட்டால் யாருக்கும் புரியாது. ஒரு தடவை மெஞ்ஞானபுரம் பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் ஆச்சியிடம் கேட்டேன்: "ஆச்சி, மணல்ல வெள்ளையா, வழுவழுன்னு சின்னச் சின்னக் கல்லு எங்கயாச்சும் கெடக்கா?" அவர் கம்பை நீட்டிக் காட்டினார்: "அந்தா அந்த ஒத்தப் பனைக்கு வடக்க பள்ளம் இருக்குல்லா, மழ பேஞ்சு வெயில் அடிச்சா அங்கன மினுங்கும்யா." இரண்டு நாள் செயற்கைக்கோள் படம் பார்த்தும் எனக்குப் படாத இடம் அது.

கோயில் இடங்களைப் பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள். தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார் கோயிலில் கார்த்திகைக் கடைசியில் கள்ளர் வெட்டுத் திருவிழா நடக்கும்போது ஆயிரக்கணக்கானோர் தேரியில் கூடி, மண்ணைப் பிடி பிடியாக வீட்டுக்கு எடுத்துப்போவார்கள். அங்கே மேற்பரப்பு கலைந்திருக்கும் என்று உங்கள் குறிப்பில் இருக்க வேண்டும். கோயில் வளாகத்தில் செருப்பில்லாமல் நடப்பதும், பெரியவர்களிடம் கேட்டுவிட்டு அளப்பதும் நம் கடமை.

நிலைப்புள்ளி: மணல் நகர்ந்தாலும் நகராதது

எந்த வரைபடத்துக்கும் இரண்டு நிலைப்புள்ளிகள் வேண்டும். தேரியில் மரக்குச்சி அடிப்பது வீண். ஓர் ஆடிக்காற்றில் ஒன்று புதைந்துவிடும், இல்லையென்றால் அடி மணல் பறந்து சாய்ந்துவிடும். பனைமரமும் வேண்டாம், செங்கல் சூளைக்கு வெட்டிப்போவார்கள். சர்வே கல், கோயில் பீடத்தின் மூலை, பாலத்தின் கைப்பிடிச் சுவர், மின்கோபுரத்தின் கான்கிரீட் அடி, இவைதான் நம்பகமானவை.

அப்படி ஒன்றும் பக்கத்தில் இல்லாவிட்டால், நில உரிமையாளர் சம்மதத்தோடு ஒரு மீட்டர் நீள இரும்புக் கம்பியை இறுகிய தரையில் இறக்கி, அதை இரண்டு நிலையான அடையாளங்களிலிருந்து அளந்துவையுங்கள்; கம்பி தரைக்கு மேல் எவ்வளவு தெரிகிறது என்பதையும் குறித்துவையுங்கள். கருவிகள் கிடக்கும் இடத்தில் அடிக்காமல் நன்றாகத் தள்ளி அடியுங்கள்.

ஒவ்வொரு நிலைப்புள்ளியிலும் கைபேசியைக் கீழே வைத்து ஐந்து நிமிடம் விட்டு, ஒரு நிமிடத்துக்கு ஒரு தடவை ஜி.பி.எஸ். எண்ணைக் குறியுங்கள், சராசரியை எடுங்கள். திறந்த வெளியில் கைபேசி மூன்று முதல் ஐந்து மீட்டர் வரை பிசகும், முந்திரி மரத்தடியில் இன்னும் கூடும். அதனால்தான் ஜி.பி.எஸ்.ஸால் இடத்தை உலக வரைபடத்தில் பொருத்த மட்டும் செய்கிறோம். உள்ளே கிடக்கும் கற்களுக்கு இடையிலான தூரத்தை நாடாவால்தான் அளக்க வேண்டும். இரண்டு சென்டிமீட்டர் கல்லுக்கு ஐந்து மீட்டர் பிசகு உள்ள கருவியை நம்ப முடியாது.

வரிசை நடை

ஐந்து பேர், ஐந்து மீட்டர் இடைவெளி, எல்லோரும் ஒரே திசையில் மெதுவாக நடக்க வேண்டும். ஒருவரின் கண் இருபுறமும் ஒரு மீட்டர்தான் கவனமாகப் பிடிக்கும். ஆக ஐந்து மீட்டரில் இரண்டு மீட்டரைத்தான் பார்க்கிறோம், நிலத்தில் ஐந்தில் இரண்டு பங்கு. இதை அறிக்கையில் ஒளிக்காமல் எழுதுங்கள். கல் அடர்ந்த இடத்தில் இடைவெளியை இரண்டு மீட்டராகக் குறைத்தால் தரை முழுதும் பார்வைக்குள் வந்துவிடும்.

கல் கண்ணில் பட்டதும் பக்கத்தில் கொடி நட்டுவிட்டு நகருங்கள். குனிந்து எடுக்கக் கூடாது. வரிசை முடிந்து திரும்பிப் பார்த்தால், நீலக் கொடிகள் எங்கே கூடி நிற்கின்றன, எங்கே சிதறி நிற்கின்றன என்பது தானாகத் தெரியும். நான் இந்த வேலையில் மிகவும் நேசிக்கும் நேரம் அது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னால் ஆட்கள் வட்டமாக உட்கார்ந்திருந்த இடம் போலக் கொடிகள் நிற்கும். காற்றும் தண்ணீரும் கூட்டிவைத்த குவியலாகவும் அது இருக்கலாம், அதைப் பிரித்தறியத்தான் அடுத்த வேலை.

ஒன்றும் கிடைக்காத வரிசையையும் 'இல்லை' என்று பதியுங்கள். முந்திரிச் சருகு மூடியிருந்ததால் தெரியவில்லையா, வெறுந்தரையிலேயே இல்லையா என்று பிரித்து எழுதுங்கள். இரண்டும் வேறு வேறு தகவல்.

கட்டம் போடுதல்

கொடிகள் கூடிய இடத்தின் மேல் 5 மீட்டர் கட்டங்கள் போடுவோம். தெற்கு வடக்காக ஓர் அடிக்கோடு இழுத்துக் கயிறு கட்டுங்கள். செங்கோணத்துக்குக் கொத்தனார் முறைதான்: ஒரு பக்கம் 3 மீட்டர், மறுபக்கம் 4 மீட்டர், குறுக்கே 5 மீட்டர் வந்தால் மூலை சரி. ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு மூலைவிட்டங்களையும் அளங்கள். 5 மீட்டர் கட்டத்துக்கு 7.07 மீட்டர் வர வேண்டும். ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் பிசகினால் சோம்பாமல் திரும்பப் போடுங்கள்.

தேரிச் சரிவில் நாடாவைத் தரையோடு போட்டு அளந்தால் தப்பாகும். 15 பாகைச் சரிவில் 10 மீட்டர் அளந்தால் கிடைமட்டத்தில் அது 9.66 மீட்டர்தான். நாடாவை ரசமட்டம் பார்த்துக் கிடையாகப் பிடித்து, நுனியிலிருந்து தூக்குக்குண்டை இறக்குங்கள். காற்றடித்தால் நாடா வில்லாக வளையும். அப்போது ஐந்து மீட்டருக்கு மேல் ஒரே இழுப்பில் அளக்காதீர்கள்.

கட்டத்துக்கு எழுத்தும் எண்ணுமாகப் பெயர்: அ1, அ2, ஆ1. ஒவ்வொன்றிலும் பளிங்குச் சில்லு, செர்ட் சில்லு, மூலக்கல், முடிந்த கருவி, பானை ஓடு, சிப்பி, நவீனப் பொருள் எத்தனை என்று எண்ணுங்கள். நவீனப் பொருளை ஏன் எண்ண வேண்டும் என்று மாணவர்கள் எப்போதும் கேட்பார்கள். பாட்டில் துண்டும் பீங்கானும் செர்ட் சில்லும் ஒரே ஓடைத் தடத்தில் சேர்ந்து கிடந்தால், தண்ணீர்தான் எல்லாவற்றையும் அங்கே சேர்த்திருக்கிறது. மேட்டின் இறுகிய தரையில் சில்லு மட்டும் தனியாகக் கிடந்தால், அது பழைய இடத்திலேயே இருக்க வாய்ப்பு அதிகம். கல்லின் அளவும் பேசும்: ஓடையில் சேர்ந்த குவியலில் பெரும்பாலும் ஒரே அளவுக் கற்களாக இருக்கும், செதுக்கிய இடத்தில் பெரிய மூலக்கல்லும் பொடிச் சில்லும் கலந்து கிடக்கும்.

முக்கியமான ஒவ்வொரு பொருளுக்கும் கட்டத்தின் தென்மேற்கு மூலையிலிருந்து கிழக்கே எவ்வளவு, வடக்கே எவ்வளவு என்று சென்டிமீட்டரில் எழுதுங்கள். எப்போதும் ஒரே மூலை, எப்போதும் கிழக்கு முதலில். ஒருவர் அளந்து சொல்ல, எழுதுபவர் அதைத் திரும்பச் சத்தமாகச் சொல்லிவிட்டு எழுத வேண்டும். காற்றில் 'இருபது' 'எழுபது' ஆகிவிடும்.

உயரமும் படமும்

உயரத்துக்கு டம்பி லெவல் என்ற தொலைநோக்கி மட்டக் கருவி கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் தண்ணீர் டியூப் போதும். நிலைப்புள்ளியைப் பூஜ்யமாக வைத்து, கட்டத்தின் ஒவ்வொரு மூலையும் அதற்கு மேலா கீழா என்று குறியுங்கள். டியூபுக்குள் காற்றுக்குமிழி இருந்தால் அளவு பொய்யாகும், தொடங்கும் முன் தட்டி வெளியேற்றுங்கள். இந்த உயரங்கள் இல்லாமல் மேடு எது, பள்ளம் எது என்று பிறகு யாருக்கும் தெரியாது. மேட்டுக் கல்லும் பள்ளத்துக் கல்லும் ஒரே தாளில் ஒன்றாகிவிடும்.

படமெடுக்கும்போது அளவுகோலும் வட திசைக் குறியும் கட்டாயம் இருக்க வேண்டும். செம்மணல் கைபேசிக் கேமராவை ஏமாற்றும். பழுப்பு செர்ட்டும் இளஞ்சிவப்பாகத் தெரியும். ஒரு சாம்பல் நிற அட்டையைப் படத்தின் ஓரத்தில் வைத்தால் பின்னால் நிறத்தைச் சரிசெய்யலாம். குடையால் முழு நிழல் போட்டுக் கிட்டப்படம் எடுங்கள், பாதி நிழல் பாதி வெயில் வேண்டாம். கல்லைப் புரட்டிப் படமெடுத்தால் அதே குழியில், அதே முகம் மேலாக வையுங்கள்.

டிரோன் ஆசை எல்லோருக்கும் இருக்கிறது. 2024இல் குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். தெற்கே கூடங்குளம் அணுமின் நிலையம். டிரோன்களுக்கான அரசின் டிஜிட்டல் ஸ்கை தளத்தில் அந்த இடம் எந்த வான்வெளி மண்டலத்தில் வருகிறது என்று பார்க்காமல், அனுமதி வாங்காமல் பறக்கவிடாதீர்கள். நுண்கற்கருவிக்கு டிரோன் அவ்வளவு உதவாது என்பது என் அனுபவம். மேட்டின் வடிவத்துக்கு மட்டும் அருமையாக உதவும்.

வரைபடம்

அன்றன்றைக்கு, இருட்டும் முன், களத்திலேயே பென்சிலில் வரைந்துவிடுங்கள். வரைபடத்தாளில் ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு மீட்டர், அதாவது 1:100. முதலில் நிலைப்புள்ளி, அடிக்கோடு, கட்டம், அப்புறம் இறுகிய தரைக்கும் தளர்ந்த மணலுக்கும் நடுவிலுள்ள எல்லை, ஓடை, மரம், பாதை, கடைசியாகக் கற்கள். இந்த எல்லைக்கோட்டைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் தேரி வரைபடத்தில் அதைவிட முக்கியமான கோடு கிடையாது. கல் எந்தத் தரையில் கிடந்தது என்று அதுதான் சொல்லும்.

கணினிக்குக் கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருள் போதும். 43ஆவது மண்டலம் என்றால் 32643, 44ஆவது என்றால் 32644 என்ற குறியீட்டைத் தேர்ந்தெடுங்கள். நிலைப்புள்ளிகளை முதலில் ஏற்றிச் செயற்கைக்கோள் படத்தோடு பொருந்துகிறதா பாருங்கள். அது சரியென்றால் கட்டங்களை ஏற்றி, எண்ணிக்கைக்கு ஏற்ப நிறம் அடர்த்தியாகும்படி காட்டுங்கள். சில்லுக்கு ஒரு தாள், மூலக்கல்லுக்கு ஒரு தாள், நவீனப் பொருளுக்கு ஒரு தாள் என்று தனித்தனியாகப் போட்டு, ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். தாளின் ஓரத்தில் அளவுகோல், வடக்கு, மண்டல எண், தேதி, அளந்தவர்கள் பெயர், ஜி.பி.எஸ். பிசகு எல்லாம் இருக்கட்டும்.

ஒப்படைப்பு

வரைபடம், குறிப்பேட்டின் நகல், படங்கள் மூன்றையும் மாநிலத் தொல்லியல் துறையின் மாவட்ட அலுவலரிடம் கொடுங்கள். நில உரிமையாளருக்கும் ஒரு நகல் கொடுங்கள். தன் விளையில் என்ன கிடக்கிறது என்று தெரிந்தவர் அதன் மேல் ஜே.சி.பி. ஏற்றத் தயங்குவார். துல்லியமான இடக்குறியைச் சமூக ஊடகத்தில் போடாதீர்கள், அடுத்த ஞாயிற்றுக்கிழமையே யாராவது பையோடு வந்து நிற்பார்கள். ஊர்ப் பெயர் அளவில் எழுதினால் போதும்.

ஈர்க்குக் கொடிகளையும் கயிறுகளையும் ஒன்றுவிடாமல் எண்ணி எடுத்துவிடுங்கள். போகும்போது எத்தனை கொடி, வரும்போது எத்தனை என்று குறிப்பேட்டில் எழுதுவது எங்கள் வழக்கம்.

அப்புறம் ஆவணியில், காற்று ஓய்ந்ததும், அதே நிலைப்புள்ளிக்கு வரைபடத்தோடு போங்கள். இரும்புக் கம்பி தரைக்கு மேல் எவ்வளவு தெரிகிறது என்று அளங்கள். தையில் அளந்ததிலிருந்து கழித்தால் அந்தப் பருவத்தில் மணல் எவ்வளவு ஏறியது, எவ்வளவு இறங்கியது என்று வரும். அதே கட்டங்களில் அதே பொருள்களைத் திரும்ப எண்ணுங்கள். புதிதாக வெளிப்பட்டதற்கு ஒரு நிறம், மூடிப்போனதற்கு ஒரு நிறம், நகர்ந்ததற்கு ஒரு நிறம். தை வரைபடத்தின் மேல் கண்ணாடித் தாள் போட்டு அதை வரைந்து, தேதி எழுதி, அதே கோப்பில் வையுங்கள்.